"லேடி டாக்டர் இருக்காங்களா?"

நாகலூர் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும்.

என் மாமியாருக்கு வயது 61. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று மாதமாக அவ்வப்போது ரத்தம் படுகிறது என்று போன மாதம்தான் என்னிடம் சொன்னார். அதுவும் துணி துவைக்கும்போது நான் பார்த்துவிட்டதால். மலையிலேயே ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வழக்கமாக உட்காரும் அம்மா டாக்டர் அன்று லீவு, பதிலுக்கு ஒரு இளைஞர். அத்தை அவரைப் பார்த்ததும், "கால் வலிக்கு மாத்திரை வாங்கத்தான் வந்தேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். கால் வலி மாத்திரையோடு திரும்பினோம். அடுத்த வாரமும் அதே கதைதான்.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். "உயிரை விட வெட்கம் பெருசா அத்தே?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கணவருக்கு விஷயமே தெரியாது, சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

டாக்டர் ஆணா பெண்ணா என்று பார்ப்பது நோயாளியின் உரிமையா, பிடிவாதமா? நான் கட்டாயப்படுத்தியது தப்பா?

---

இரவு டூட்டி:

நான் மகப்பேறும் பெண்கள் நலமும் படித்த ஆண் மருத்துவன். சேலத்தில் வேலை. விவாதத்துக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு. நீங்கள் சத்தம் போட்டது தப்பில்லை, இன்னும் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். பதினாறு வருடமாக ஓ.பி. வாசலில் அந்த ஒரு கேள்விதான் என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது: "லேடி டாக்டர் இருக்காங்களா?" இல்லை என்று சிஸ்டர் சொன்னால், ஓ.பி. சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். அதே பெண்ணை இரவு இரண்டு மணிக்கு, ரத்தப்போக்கு நிற்காமல், ஸ்ட்ரெச்சரில் கொண்டு வருவார்கள். அப்போது ஆணா பெண்ணா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. பகலில் என்னிடம் வராமல் போனதற்கு விலையை இரவில் அந்த உடம்பு கொடுக்கிறது.

எங்கள் துறையில் ஆண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். "பேஷன்ட் வர மாட்டாங்க" என்று தெரிந்தே பையன்கள் இந்தப் படிப்பை எடுப்பதில்லை. எனக்குச் சொந்த வருத்தமும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நான் பேசுவது அதற்காக இல்லை.

---

அஸ்தம்பட்டி ஆசிரியை:

டாக்டர் சார், உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் "சத்தம் போட்டது தப்பில்லை" என்பதை ஏற்க முடியாது.

எனக்கு 27 வயதில் நடந்தது. முதல் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனை, ஒரு தனியார் மருத்துவமனை. ஆண் மருத்துவர் உள்ளே வந்தார். என் பெயரைக் கேட்கவில்லை, என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை. திரை பாதி திறந்திருந்தது, வெளியே ஒரு வார்டு பாய் நின்றுகொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை என்று எனக்கு இன்றும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த மேசையிலிருந்து இறங்கியபோது நான் ஒரு பொருள் மாதிரி உணர்ந்தேன். அடுத்த பிரசவத்துக்குப் பெண் மருத்துவரைத் தேடித்தான் போனேன். அதைப் பிடிவாதம் என்று சொன்னால் எனக்கு வலிக்கும்.

சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், ஆண் மருத்துவர் பெண் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டது பெண் குழந்தையானால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. வெட்கம் என்று ஒதுக்கிவிடக்கூடிய விஷயமாக இருந்தால் இதெல்லாம் எழுதப்பட்டிருக்குமா?

நாகலூர் சகோதரி, உங்கள் அத்தையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு கீழே இறக்கிக் கூட்டி வாருங்கள். சேலத்தில் பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை.

---

இரவு டூட்டி:

"சேலத்தில் பெண் மருத்துவர்களுக்குக் குறைவில்லை"

அஸ்தம்பட்டியில் இருப்பவருக்குக் குறைவில்லை. நாகலூரில் இருப்பவர் முதலில் ஏற்காடு வர வேண்டும், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மழைக்காலத்தில் பாறை சரிந்தால் அதுவும் இல்லை. தேர்வு செய்யும் வசதி ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

உங்களுக்கு நடந்தது தவறு. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அது மோசமான மருத்துவம். ஆண் என்பதால் மட்டும் வந்த குறையா? திரையை மூடாமல் பரிசோதிக்கும் பெண் மருத்துவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற அந்த இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது மருத்துவர் இல்லை, அவருடைய அப்பாதான் மருத்துவர். ஆண் கை படக் கூடாது என்று மூன்று பேருமே அந்த அப்பாவை மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் அதே வாசலில் நின்றுகொண்டிருக்கலாமா?

---

அஸ்தம்பட்டி ஆசிரியை:

அதே கதையை நானும் சொல்லித்தான் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த இரவுக்குப் பிறகு ஐடா ஸ்கடர் என்ன செய்தார்? "இந்த ஊர்ப் பெண்கள் திருந்த வேண்டும்" என்று பிரசங்கம் செய்யவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். 1947 வரை அங்கே பெண்கள் மட்டும்தான் மாணவர்கள். சென்னையில் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் 1885இல் ஆரம்பித்த கோஷா (திரைமறைவில் வாழும் பெண்கள்) ஆஸ்பத்திரியும் அப்படித்தான். நோயாளியின் கூச்சத்தை ஒரு உண்மையாக ஏற்றுக்கொண்டு, அதற்குத் தகுந்த மருத்துவரை உருவாக்கினார்கள்.

மலைக்கு ஒரு பெண் மருத்துவர் லீவு போட்டால் பதிலுக்கு இன்னொரு பெண் மருத்துவரை அனுப்ப முடியவில்லை என்றால், குறை அந்த அத்தையிடமா இருக்கிறது?

---

இரவு டூட்டி:

அந்த மூன்று பெண்களுக்கு வேலூர்ப் பள்ளி உதவவில்லையே அம்மா. அவர்கள் அந்த இரவே இறந்துவிட்டார்கள். நான் பேசுவது அந்த இரவைப் பற்றி.

---

ஓமலூர் கணக்கு:

இதற்கு ஆய்வே இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் 2019 வரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 13 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். பெண் நோயாளிக்கு ஆண் மருத்துவர் அறுவை செய்தபோது, பெண் மருத்துவர் செய்ததை விட, பாதகமான விளைவுகள் 15 சதவீதம் கூடுதலாக இருந்தன. ஆண் நோயாளிகளுக்கு அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்பது வெட்கம் மட்டுமில்லை, புத்திசாலித்தனமும்கூட. ஆசிரியை சொல்வதே சரி.

---

வெள்ளைக் கோட்டு:

நான் எலும்பு மூட்டு மருத்துவர், பெண். ஓமலூர் அண்ணா, அந்த 15 சதவீதத்தை அவசரமாகப் பயன்படுத்த வேண்டாம். நூறு பேரில் 15 பேருக்குக் கூடுதலாகக் கெடுதல் வந்தது என்று அர்த்தமில்லை. இருக்கிற சிறிய ஆபத்து அந்த விகிதத்தில் கொஞ்சம் ஏறுகிறது. ஏன் என்பதையும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்தான் வித்தியாசம் இருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் ஆண் மருத்துவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். எல்லோரும் பெண் நோயாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். கேஷுவாலிட்டியில் நான் உள்ளே வந்தால், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்பார்கள். நான்தான் டாக்டர் என்றால், "பெரிய டாக்டர் இல்லையா?" என்பார்கள். போன வருடம் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை மூட்டு விலகி வந்தார். வலியில் முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்துவிட்டு அவருடைய அண்ணன், "இதுக்கெல்லாம் கையில வலு வேணும்மா, ஆம்பளை டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார். விலகிய தோளை இழுத்து முறுக்கி உள்ளே தள்ளுவதில்லை. தசையைத் தளர விட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெதுவாக, மிக மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு வேண்டியது பொறுமை. அவசரப்பட்டு வலுவைக் காட்டினால் எலும்பு உடையும். அந்த அண்ணன் ஒப்புக்கொள்ள நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் தம்பி துடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாகலூர் அம்மாவின் கூச்சமும் இந்த அண்ணனின் சந்தேகமும் ஒன்றில்லை. முன்னது தன் உடம்பைப் பற்றியது. பின்னது என் திறமையைப் பற்றியது. முதலாவதற்கு நான் எந்த அளவுக்கும் இறங்கி வருவேன். இரண்டாவதற்கு ஒரு அடிகூட இறங்க மாட்டேன். "நோயாளியின் விருப்பம்" என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள், ஆசிரியை மேடம்.

---

அஸ்தம்பட்டி ஆசிரியை:

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். நான் அதை யோசிக்கவில்லை. என் அப்பாவே இதய டாக்டர் பெண் என்றதும் முகம் சுளித்தவர்.

---

கொலுசுப் பட்டறை:

செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிறேன். இங்கே எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பளைக்கும் வெட்கம் உண்டு. என் அக்கா மகனுக்கு அப்போது 15 வயது. ஒரு நாள் விடியற்காலையில் அடிவயிற்றில் வலி என்று எழுந்தான், வாந்தி எடுத்தான். அக்கா பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்தது ஒரு அம்மா டாக்டர். எங்கே வலி என்று கேட்டதற்கு வயிறு என்றுதான் சொன்னான். உண்மையில் வலி விதையில். அம்மாவும் நிற்கிறாள், டாக்டரும் பெண். எப்படிச் சொல்வான்? ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் என்னிடம் மட்டும் சொன்னான். பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். விதை முறுக்கிக்கொண்டது, ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். ஒன்றை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த அம்மா டாக்டர் நல்லவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு ஆம்பளை டாக்டர் இருந்திருந்தால் பையன் சொல்லியிருப்பான். அதனால்தான் சொல்கிறேன், யாரைப் பார்க்க வேண்டும் என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும். பிடிவாதம் என்று சொல்லாதீர்கள்.

---

வெள்ளைக் கோட்டு:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

உங்களுக்குக் கோபம் இல்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது, எங்கள் மேலேயே. திடீர் அடிவயிற்று வலி, வாந்தி என்று ஒரு பையன் வந்தால் விதைப்பையைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். ஆணோ பெண்ணோ, எந்த டாக்டருக்கும். அவன் வாயால் சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இந்த வயசுல இந்த மாதிரி வலி கீழேயிருந்தும் வரலாம் தம்பி, நான் பார்த்தே ஆகணும். ஆம்பளை நர்ஸ் கூட நிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தால் அவன் தலையசைத்திருப்பான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளிடம் பேசும் பொறுப்பு எங்களுடையது.

---

கொலுசுப் பட்டறை:

பிள்ளையை வளர்த்த நாங்களும் அந்த இடத்துக்குப் பேர் சொல்லக்கூடச் சொல்லித் தரவில்லை மேடம்.

---

மலைச் செவிலி:

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சேர்வராயன் மலையில் பல வருடம் நடந்திருக்கிறேன். மலையாளிப் பழங்குடிக் கிராமங்களில் அப்போதெல்லாம் பிரசவம் வீட்டில்தான். ஆஸ்பத்திரி என்றால் "அங்கே ஆம்பளை டாக்டர் இருப்பாரு" என்பதுதான் முதல் பேச்சு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடப்பதாக வந்தது. எல்லா டாக்டரும் பெண்ணாக மாறியதால் இது நடக்கவில்லை, இரவு டூட்டி டாக்டர். நாங்கள் கூடவே போனோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம், சோதனை மேசைக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வெளியே நிற்கும் மாமியாரைச் சமாளித்தோம். தெரிந்த ஒரு பெண் முகம் பக்கத்தில் இருந்தால், ஆண் டாக்டரை ஒப்புக்கொள்ளாத பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள், அவர்களை வற்புறுத்தியதில்லை. இன்னொரு நாள் குறித்துக்கொண்டு திரும்பப் போனோம்.

மருமகளே, நீ சத்தம் போட்டதில் இருந்தது பயம் என்று அத்தைக்கும் தெரிந்திருக்கும். போய்ப் பக்கத்தில் உட்கார். "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று மட்டும் கேள். ஆண் டாக்டர் என்பது சாக்காகவும் இருக்கலாம். புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்துக்கு அது நல்ல மறைவிடம்.

---

இரவு டூட்டி:

அக்கா, கடைசி வரி என்னைச் சுட்டது. சீட்டை மடித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் என்னைத்தான் மறுக்கிறார்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஆனாலும் என் நிலையை விடவில்லை. காத்திருக்கக் கூடாத நோய்க்குக் காத்திருக்கக் கூடாது. அதைச் செய்ய ஒரு வழி சொல்கிறேன், நாகலூர் சகோதரி குறித்துக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் உடையைக் கழற்ற வேண்டியதில்லை. எப்போதிலிருந்து, எவ்வளவு, சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பேசுவதற்கு யாராக இருந்தாலும் போதும். ரத்தப் பரிசோதனைக்கும் யாராக இருந்தாலும் போதும். வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் கருப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஓரளவு தெரியும். உள் ஸ்கேன் இன்னும் துல்லியம், அதற்குப் பெண் மருத்துவரைக் கேட்கலாம். உள் பரிசோதனையும், சவ்விலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும்தான் அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதற்கு மட்டும் பெண் மருத்துவர் இருக்கும் நாளைப் போனில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் பொறுக்கலாம். மாதக்கணக்கில் பொறுக்க முடியாது. நடுவில் ரத்தம் அதிகமாகப் போனாலோ மயக்கம் வந்தாலோ அன்றே, யார் இருந்தாலும்.

---

அஸ்தம்பட்டி ஆசிரியை:

இதை அந்த இளம் டாக்டர் வாசலிலேயே சொல்லியிருந்தால் அந்த அத்தை கால் வலி மாத்திரையோடு திரும்பியிருக்க மாட்டார். நான் கேட்பது இதைத்தான் சார், நோயாளிக்கு வழி சொல்லுங்கள், குற்றம் சொல்லாதீர்கள். மலைக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற கோரிக்கையையும் நான் விடப் போவதில்லை.

---

ஓமலூர் கணக்கு:

ஆய்வைப் பற்றி வெள்ளைக் கோட்டு மேடம் சொன்னதை மறுபடி படித்தேன். நான் எழுதியதைப் பார்த்து யாராவது ஆண் மருத்துவரிடம் போகாமல் நின்றுவிட்டால் அது தப்பாகிவிடும். அவசரத்துக்கு யாரிடமும் போகலாம் என்று இதையும் சேர்த்துப் படியுங்கள்.

---

நாகலூர் மருமகள்:

நாலு நாளாக எழுத முடியவில்லை. செவிலி அம்மா சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ரொம்ப நேரம் மிளகைப் புடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "எங்கக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். அவருக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சேலம் போனோம். ஸ்கேன் எடுத்தவர் ஆண். ஒரு சிஸ்டர் உள்ளே நின்றார், என்னையும் நிற்கவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தவர் முதலில் கதவைச் சாத்தினார், "அம்மா, வயித்துக்கு மேல மட்டும்தான், குளிரும்" என்றார். அத்தை என் மணிக்கட்டை விடவே இல்லை. சவ்வு தடித்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பெண் மருத்துவர் துணுக்கு எடுக்கிறார். அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார். மகனுக்கு நானே சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார், இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் மட்டும் போதுமா என்று பயமாக இருக்கிறது.

---

மலைச் செவிலி:

நானும் வருகிறேன். எந்த பஸ்ஸில் இறங்குவீர்கள், பழைய பஸ் ஸ்டாண்டா புது பஸ் ஸ்டாண்டா என்று மட்டும் எழுது.